கேட்டுக்கு வெளியே இருந்த குழந்தைகள்

போன மாசம் பிளேஸ்மெண்ட் குரூப்ல ஒரு மெசேஜ் வந்துச்சு. கோர் கம்பெனி. கெமிக்கல் படிக்கிறவங்களுக்குக் கோர் கம்பெனி வர்றதே தீபாவளி மாதிரி. நாலு வருஷம் ஹீட் டிரான்ஸ்ஃபர், மாஸ் டிரான்ஸ்ஃபர்னு மண்டையை உடைச்சுட்டு, கடைசியில ஏதோ ஒரு ஐ.டி. கம்பெனியில டெஸ்டிங் டீம்ல போய் உட்கார்றதுதான் எங்க டிபார்ட்மெண்டோட வழக்கமான கதை. அதனால ஆவலா படிச்சேன். பி.டெக். கெமிக்கல், 65 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது. நாலாவது வரி: ஆண்கள் மட்டும்.

பிரீ-பிளேஸ்மெண்ட் டாக் அன்னைக்கு, வேடிக்கை பார்க்கிற மாதிரி நாங்க அஞ்சாறு பேர் கடைசி வரிசையில உட்கார்ந்தோம். என் தோழி எழுந்து கேட்டுட்டா. வந்திருந்த அதிகாரி கோபப்படலை. ரொம்ப அன்பாவே சொன்னார்: "உங்க நல்லதுக்குத்தாம்மா. பிளாண்ட்ல சால்வெண்ட் வேப்பர் எல்லாம் இருக்கும். நாளைக்குக் கல்யாணம், குழந்தைன்னு வரும்போது பிரச்சினை ஆகிடக் கூடாது பாருங்க." ஹால்ல பாதிப் பேர் தலையாட்டினாங்க. உண்மையைச் சொல்றேன், ஒரு நிமிஷம் நானும் ஆட்டினேன்.

ஹாஸ்டலுக்கு வந்த பிறகுதான் உறுத்துச்சு. அவர் சொன்னது பொய்யா? பொய் இல்லை. ஆனா அவர் சொன்ன காரணமும் எடுத்த முடிவும் ஒண்ணோட ஒண்ணு பொருந்துதா? அதைத் தேடிப் படிக்க ஆரம்பிச்சதுல வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, அந்த பயத்துக்கு நியாயம் இருக்குங்கிறதை ஒத்துக்கணும். கருப்பையில இருக்கிற குழந்தையைச் சுத்தி ஒரு கோட்டைச் சுவர் இருக்கு, தாய்க்கு என்ன ஆனாலும் நஞ்சுக்கொடி வடிகட்டிடும்னு டாக்டர்களே ரொம்ப காலம் நினைச்சிட்டிருந்தாங்க. (பிளசெண்டாவுக்குத் தமிழ்ல பேரே நஞ்சுக்கொடி. அந்த நஞ்சு வேற, இந்த நஞ்சு வேறன்னு தமிழ் ஐயா யாராவது திருத்தலாம். ஆனா பேரு மட்டும் எச்சரிக்கை போர்டு மாதிரியே இருக்கு.) அந்தக் கோட்டை நம்பிக்கையை உலகத்துக்கே தெரியற மாதிரி உடைச்சது தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில், டாக்டர் சீட்டுகூடத் தேவைப்படாத தூக்க மாத்திரையா கடைக்கு வந்தது. கர்ப்பிணிகள் காலைநேர வாந்திக்கும் சாப்பிட்டாங்க. 46 நாடுகளில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குட்டையாகவோ, கையே இல்லாமலோ பிறந்தாங்க. 1961 நவம்பரில்தான் ஜெர்மனியில் அதைத் திரும்பப் பெற்றார்கள். அமெரிக்காவில் ஃபிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரி, "இந்த டேட்டா பத்தாது, இன்னும் கொண்டு வாங்க" என்று ஃபைலை நகர விடாம வெச்சிருந்ததால அங்கே அது விற்பனைக்கே வரலை. ஒரு ஃபைலைத் தாமதப்படுத்தினதுக்காக ஜனாதிபதி கையால பதக்கம் வாங்கின அரசு அதிகாரி அவங்களாத்தான் இருக்கும்.

தாலிடோமைடு கதையில எனக்கு முக்கியமாப் பட்டது ஒரு தேதிக் கணக்கு. கரு உருவாகி சுமார் 20-வது நாள்ல இருந்து 36-வது நாளுக்குள்ள அந்த மாத்திரையைச் சாப்பிட்டாத்தான் இந்தப் பாதிப்பு. அதுக்கு அப்புறம் சாப்பிட்டா கை கால் ஏற்கெனவே உருவாகி முடிஞ்சிருக்கும். 20-வது நாள்னா என்ன? மாசக் கணக்குல ஒரு வாரம் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். நிறைய பேருக்குத் தாங்க கர்ப்பம்ங்கிறதே தெரியாது. "கன்சீவ் ஆனதும் சொல்லுங்க, ஆபீஸ் வேலைக்கு மாத்திடுறோம்" என்று சில கம்பெனிகள் பெருந்தன்மையா சொல்றதுல இருக்கிற ஓட்டை இதுதான். சொல்ற நேரம் வர்றதுக்குள்ள ஆபத்தான ஜன்னல் திறந்து மூடியே போயிருக்கும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துடலாம். நம்ம ஊர்ல குழந்தைக்கு ஒரு குறைன்னா உடனே "ஜீன்ல ஏதோ பிரச்சினை" என்பார்கள். அதுக்கு முந்தின தலைமுறை, "கிரகணத்தன்னைக்கு நீ வெளியே போனியா, காய் நறுக்கினியா" என்று பொண்ணைக் கேட்கும். ரெண்டும் பல சமயம் ஒரே வேலையைத்தான் செய்யுது: பழியைக் கொண்டுபோய்க் குடும்பத்து மேல, முக்கியமா அம்மா மேல போடுறது.

வீடு கட்டுறதை வெச்சு யோசிச்சுப் பாருங்க. பிளான் பேப்பர்லயே தப்பு வரலாம். பிளான் சரியா இருந்து, கான்கிரீட் போடுற அன்னைக்குக் கொத்தனாரை யாரோ அடிச்சுப் படுக்க வெச்சிருக்கலாம். ரெண்டுலயும் வீடு கோணல்தான், ஆனா காரணம் வேற. எக்ஸ்ரே பிளானையே மாத்தும்னு 1927-ல் ஹெர்மன் முல்லர் பழ ஈக்களை வெச்சுக் காட்டினார். மஸ்டர்ட் கேஸ் அதே மாதிரி டிஎன்ஏவைத் தாக்கும்னு 1940-களில் எடின்பரோவில் ஷார்லட் ஆவர்பாக்கும் ராப்சனும் கண்டுபிடிச்சாங்க. நம்ம பென்சீனும் குரோமோசோமை உடைக்கிற ஜாதிதான். ஆனா தாலிடோமைடு அப்படி இல்லை. அது கொத்தனார் மேல கை வைக்கிற ரகம். செரிப்ளான் என்ற ஒரு புரதத்தில் போய் ஒட்டிக்கிட்டு, கை கால் வளர்றதுக்குத் தேவையான வேறொரு புரதத்தை செல் தானே அழிக்கிற மாதிரி பண்ணிடுது. அது செரிப்ளான்ல ஒட்டுதுன்னு கண்டுபிடிக்கவே 2010 வரைக்கும் ஆச்சு. பிளான் அப்படியே இருக்கு. அதனாலதான் தாலிடோமைடால் பாதிக்கப்பட்டவங்க வளர்ந்து கல்யாணம் பண்ணிக் குழந்தை பெத்தப்போ, அந்தக் குழந்தைகளுக்கு அந்தப் பாதிப்பு வாரிசாப் போகலை.

ஹிரோஷிமா, நாகசாகியிலேயும் இந்த வித்தியாசம் தெரியுது. குண்டு விழுந்தப்போ வயித்துல இருந்த குழந்தைகள், குறிப்பா 8-ல இருந்து 15 வாரக் கருவா இருந்தவங்க, பலர் தலை சிறுத்தும் அறிவு வளர்ச்சி குறைஞ்சும் பிறந்தாங்க. ஆனா தப்பிப் பிழைச்சவங்க பின்னாடி பெத்த பிள்ளைகளைப் பல பத்து வருஷமாப் பரிசோதிச்சும், பரம்பரைக் கோளாறு கூடியிருக்குன்னு நிரூபணமாகலை. அப்படியும் அவங்க வீட்டுல பொண்ணு எடுக்க, கொடுக்க ஊர் தயங்கினது நடந்தது. விஷம் பட்டவங்களை "கெட்ட ரத்தம்" ஆக்குறதுக்கு நமக்கு அறிவியல் தேவைப்படுறதில்லை.

சரி, இப்போ மினமாட்டாவுக்கு வருவோம். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச பேர். முதல் வருஷ சுற்றுச்சூழல் பாடத்துல ரெண்டு மார்க் கேள்வி. "மினமாட்டா நோய்க்குக் காரணம் யாது? மெர்குரி." முடிஞ்சது, அடுத்தது இட்டாய்-இட்டாய். நானும் அப்படித்தான் எழுதி ரெண்டு மார்க் வாங்கினேன். அது அசல்ல ஒரு கெமிக்கல் இன்ஜினியரிங் கதைன்னு எனக்கு யாரும் சொல்லலை.

ஜப்பானோட தெற்குல ஒரு கடலோரச் சின்ன ஊர். சிஸ்ஸோ என்ற கம்பெனி அங்கே 1932-ல இருந்து அசிட்டிலீன்ல இருந்து அசிட்டால்டிஹைடு தயாரிச்சது. வினையூக்கி மெர்குரிக் சல்பேட். ரியாக்டருக்குள்ளேயே கொஞ்சம் மெத்தில்மெர்குரி உண்டாகும். 1951-ல் துணை வினையூக்கியை மாத்தினாங்க. அந்த மாற்றத்துக்கு அப்புறம் அது இன்னும் அதிகமா உண்டானது. ஒரு புராசஸ் இன்ஜினியர் எடுத்த முடிவு. பிளாண்ட் ஓட்டத்துக்காக எடுத்திருப்பார், வேற எதையும் யோசிச்சிருக்க மாட்டார். கழிவு நீர் விரிகுடாவுக்குப் போச்சு. மீன் சாப்பிட்ட பூனைங்க சுத்திச் சுத்தி ஆடி விழுந்து செத்துச்சு. 1956 மே 1-ம் தேதி, காரணம் தெரியாத மூளை நோய் பரவுதுன்னு கம்பெனியோட ஆஸ்பத்திரி டாக்டர்தான் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்தார். ஹோசோகாவா என்ற அந்த டாக்டர் 1959-ல் பிளாண்ட் கழிவையே நேரடியா ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400-ம் நம்பர் பூனை. அதுக்கும் அதே நோய் வந்தது. கம்பெனி அந்த ரிசல்ட்டை வெளியே விடலை.

அதே வருஷம் டிசம்பர்ல சிஸ்ஸோ ஒரு கழிவு நீர் சுத்திகரிப்பு யூனிட்டைத் திறந்தது. விழா எடுத்தாங்க. கம்பெனித் தலைவர் சுத்திகரிச்ச தண்ணின்னு சொல்லி ஒரு கிளாஸ் குடிச்சுக் காட்டினார். பின்னாடி கோர்ட்ல வந்த உண்மை என்னன்னா, அந்த யூனிட்டுக்கு ஆர்கானிக் மெர்குரியை எடுக்கிற திறனே கிடையாது. அசிட்டால்டிஹைடு பிளாண்ட் கழிவு அப்போ அது வழியாகப் போகவும் இல்லை. ஊர் வாயை அடைக்கக் கட்டின யூனிட். இன்டஸ்ட்ரியல் விசிட் போகும்போது இ.டி.பி. பக்கத்துல நின்னு செல்ஃபி எடுக்கிறோமே, அப்போ எந்த லைன் உள்ளே வருது, எந்த லைன் வரலைன்னு கேட்கணும்னு எனக்கு இதைப் படிச்ச பிறகுதான் தோணுச்சு.

இப்போ குழந்தைகள். அந்தக் கிராமங்கள்ல 1950-களின் நடுவுல பிறந்த சில குழந்தைகளுக்குத் தலை நிக்கலை, நடக்க வரலை, பேச்சு வரலை. டாக்டர்கள் எழுதினது "மூளை வாதம்". ஏன்னா அவங்க மீனே சாப்பிட்டதில்லை. அம்மாக்களுக்கோ பெரிசா அறிகுறி இல்லை, சிலருக்கு விரல் நுனி மரத்துப் போற அளவுதான். நஞ்சுக்கொடிதான் சுவராச்சே, பிறகெப்படி? ஹராடா மாசாசுமி என்ற இளம் டாக்டர் 1961-ல் ஒரு வீட்டுக்குப் போனார். அண்ணன் தம்பி ரெண்டு பேர், பார்த்தா ஒரே மாதிரி பாதிப்பு. அவர் ரெண்டு பேருக்கும் மினமாட்டா நோய்தான்னு நினைச்சார். அம்மா திருத்தினாங்க: பெரியவனுக்குத்தான் அது, சின்னவன் மீன் சாப்பிட்டதில்லை, அதனால அவனுக்கு வேற நோய்னு டாக்டர்கள் சொல்லிட்டாங்க. ஆனா அந்த அம்மா அதை நம்பலை. இவன் வயித்துல இருந்தப்போ நான்தானே மீன் சாப்பிட்டேன், அது இவனுக்குப் போயிருக்குங்கிறது அவங்க கணக்கு. பல்கலைக்கழகம் ஒத்துக்க இன்னும் ஒரு வருஷம் ஆச்சு. 1962 நவம்பரில், 16 குழந்தைகளுக்குப் பிறவியிலேயே மினமாட்டா நோய்னு அதிகாரபூர்வமா அறிவிச்சாங்க. அந்தம்மா சொன்னதுதான் சரி.

மெத்தில்மெர்குரி எப்படி உள்ளே போகுதுன்னு இப்போ தெரியும். அது சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தோட ஒட்டிக்கும். அந்த ஜோடி பார்க்க மெத்தியோனின் மாதிரியே இருக்கும். குழந்தைக்கு அமினோ அமிலம் கொண்டு போற டிரான்ஸ்போர்ட்டர் ஏமாந்துபோய் அதையும் ஏத்திக்கிட்டுப் போயிடும். வேற யாரோட ஐ.டி. கார்டையோ கழுத்துல மாட்டிக்கிட்டு காலேஜ் கேட்டைத் தாண்டுற மாதிரி. அப்படிப் போய்க் குழந்தையோட ரத்தத்துல சேர்ற அளவு, அம்மா ரத்தத்துல இருக்கிறதைவிட அதிகம். அப்போ நஞ்சுக்கொடி சுவரா இல்லாதது மட்டுமில்லை, இந்த ஒரு விஷயத்துல பம்ப் மாதிரி வேலை செய்யுது. அம்மா உடம்புல இருந்து இறங்கினதைக் குழந்தை வாங்கிக்குது.

எனக்கு மறக்கவே முடியாத விஷயம் இதுக்கு அப்புறம். ஜப்பான்ல குழந்தையோட தொப்புள்கொடியைக் காய வெச்சு ஒரு சின்னப் பெட்டியில பத்திரப்படுத்துவாங்க. நம்ம ஊர்லயும் தாயத்துக்குள்ள போட்டு அரைஞாண் கயித்துல கட்டுவாங்களே, அதே மாதிரி. ஹராடாவும் கூட்டாளிகளும் அந்தப் பெட்டிகளைச் சேகரிச்சு, கொடியில இருந்த மெத்தில்மெர்குரியை அளந்தாங்க. ஒவ்வொரு பெட்டியிலேயும் பிறந்த தேதி இருந்தது. ஆண்டுவாரியா மெர்குரி ஏறி இறங்கின விதமும் சிஸ்ஸோவோட அசிட்டால்டிஹைடு உற்பத்தி ஏறி இறங்கின விதமும் ஒண்ணாப் போச்சு. கம்பெனி மறைச்ச லாக் புக்கை அம்மாக்கள் வீட்டு அலமாரியில வெச்சிருந்தாங்க.

அந்தக் குழந்தைகளோட அம்மாக்கள் சிஸ்ஸோ பிளாண்ட்ல வேலை பார்த்ததால இது நடக்கலை. பெரும்பாலும் மீனவர் வீட்டுப் பொம்பளைங்க. கேட்டுக்கு வெளியே இருந்தவங்க. சிஸ்ஸோ தன் பிளாண்ட்ல ஒரு பெண்ணைக்கூட விடாம வெச்சிருந்தாலும் இந்தக் குழந்தைகள் இப்படித்தான் பிறந்திருக்கும்.

ஆண்களை மட்டும் எடுத்தா உள்ளேயாவது பிரச்சினை இல்லையா? கலிஃபோர்னியாவில் லாத்ராப் என்ற இடத்துல டி.பி.சி.பி. என்ற பூச்சிமருந்து தயாரிச்ச பிளாண்ட்ல வேலை பார்த்த ஆண்கள், மதியச் சாப்பாட்டு நேரத்துல பேசிக்கிட்டப்போதான் நமக்கு யாருக்குமே குழந்தை பிறக்கலையேன்னு கவனிச்சாங்க. 1977-ல் பரிசோதிச்சுப் பார்த்தா, பலருக்கு விந்தணு மிகக் குறைவு, சிலருக்குச் சுத்தமா இல்லை. ஈயம் விந்தணுவையும் பாதிக்கும். போதாததுக்கு ஷிஃப்ட் முடிச்சுப் போற அப்பாவோட சட்டையிலேயும் ஷூவிலேயும் தூசா ஒட்டிக்கிட்டு வீட்டுக்கே போகும். அந்தச் சட்டையைத் துவைக்கிறது யார்?

இந்த "ஆண்கள் மட்டும்" வாதம் அமெரிக்காவில் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கு. ஜான்சன் கண்ட்ரோல்ஸ் என்ற பேட்டரி கம்பெனி, குழந்தை பெறத் தகுதியுள்ள எந்தப் பெண்ணும் ஈயம் புழங்குற வேலையில இருக்கக் கூடாதுன்னு 1982-ல் விதி போட்டது. அதே கம்பெனியில ஒரு ஆண், நான் அப்பாவாகணும், என் ரத்தத்துல ஈயம் குறையட்டும், லீவு கொடுங்கன்னு கேட்டதுக்கு மறுத்துட்டாங்க. 1991-ல் கோர்ட் அந்த விதி செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்கும் முன்னாடி, 1978-ல், மேற்கு வர்ஜீனியாவில் ஒரு பெயிண்ட் பிக்மெண்ட் பிளாண்ட்ல இதே மாதிரி விதி வந்தப்போ, வேலையை இழக்க முடியாம 5 பெண்கள் கருத்தடை ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி நான் மெஸ்ஸுக்குப் போகலை.

"அப்போ கர்ப்பிணியை ரியாக்டர் பக்கத்துல நிக்க வைக்கச் சொல்றியா?" என்று என் கிளாஸ் பையன் ஒருத்தன் கேட்டான். இல்லைடா. நம்ம சேஃப்டி புத்தகமே என்ன சொல்லுது? முதல்ல பொருளையே நீக்கு. முடியலைன்னா வேற பொருளுக்கு மாத்து. அதுவும் முடியலைன்னா மூடின சிஸ்டமா ஆக்கு, எக்ஸாஸ்ட் வை. மாஸ்க்கும் கிளவுஸும் கடைசி. அந்த வரிசையில எங்கேயுமே "மனுஷங்கள்ல ஒரு பாதியை நீக்கு"ன்னு இல்லை. அது செலவே இல்லாத வழி, அவ்வளவுதான். அதே சமயம் அந்தப் பையன் கேள்வியில ஒரு நியாயம் இருக்கு. நாம படிக்கிற வரம்பு அளவுகள் தினம் 8 மணி நேரம், வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கிற வயசு வந்த தொழிலாளியை மனசுல வெச்சுப் போட்டது. கருவுக்கு ஷிஃப்ட் முடியறதே இல்லை. ஈயத்தை எலும்பு பல வருஷம் சேர்த்து வெச்சிருந்து, கர்ப்ப காலத்துல கால்சியத்தோட சேர்த்து வெளியே விடும். அஞ்சு வருஷம் முன்னாடியே வேலையை விட்டிருந்தாலும் பிரச்சினை தொடரலாம். அதனால அளவைக் குறைக்கிறதுன்னா எல்லாருக்கும் குறைக்கணும். பிளாண்ட்ல வேலை செய்ற 22 வயசுப் பையனும் நாளைக்கு ஒரு அப்பாதானே.

அடுத்த டாக்ல நான் கேட்கப் போற கேள்வி ரெண்டு. உங்க பிளாண்ட்ல எந்தப் பொருளுக்காக இந்த விதி? கடைசியா அதைக் காத்துல எப்போ அளந்தீங்க, எவ்வளவு இருந்தது? பதில் இருந்தா பேசலாம். அளக்கவே இல்லைன்னா, அவர் குழந்தையைப் பத்திப் பேசலைன்னு அர்த்தம்.

அடுத்தவங்களைக் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு ஒத்துக்கணும். ஒவ்வொரு கெமிக்கலோட சேஃப்டி ஷீட்லயும் ரெண்டாவது பகுதியில எச் என்று தொடங்குற எண்கள் இருக்கும். எச் 340-னா ஜீனைப் பாதிக்கலாம். எச் 360-னா கருவையோ கருத்தரிக்கிற திறனையோ பாதிக்கலாம். எங்க லேப் அலமாரியை ஒரு மதியம் நானும் என் தோழியும் இந்தக் கண்ணோட பார்த்தோம். பொட்டாசியம் டைகுரோமேட்டுக்கு ரெண்டு எண்ணுமே இருந்தது. அதை எங்கே பயன்படுத்துறோம்? சுற்றுச்சூழல் லேப்ல, சி.ஓ.டி. டெஸ்ட்டுக்கு. சாக்கடைத் தண்ணி எவ்வளவு அசுத்தம்னு கண்டுபிடிக்கிற டெஸ்ட். அதுல குளோரைடைக் கட்ட இன்னொரு வெள்ளைப் பொடியும் போடுவோம். சாம்பிளுக்குக் கொஞ்சம்தான். பாட்டில் லேபிளைத் திருப்பிப் பார்த்தா, மெர்குரிக் சல்பேட். மினமாட்டா ரியாக்டர்ல இருந்த அதே வினையூக்கி.

டெஸ்ட் முடிஞ்சதும் ரெண்டு வருஷமா அதை எங்கே ஊத்தினோம்னா, சிங்க்ல. குழாயைத் திறந்துவிட்டு, நல்லாத் தண்ணி விட்டு. அந்தக் குழாய் போய்ச் சேர்ற இடத்துல ஒரு குளம் இருக்கு, அங்கே தூண்டில் போடுற ஆட்களை ஹாஸ்டல் மொட்டை மாடியில இருந்தே பார்க்கலாம்.

லேப் அண்ணாகிட்ட சொன்னோம். அவர் ஒண்ணும் பேசாம ஸ்டோர் ரூம்ல இருந்து 20 லிட்டர் கேன் ஒண்ணு எடுத்துட்டு வந்து, மார்க்கர்ல "சி.ஓ.டி. கழிவு, ஊத்தாதே" என்று எழுதி சிங்க் பக்கத்துல வெச்சார். மூணு பேட்ச் முடிஞ்சு அது இப்போ முக்கால்வாசி நிறைஞ்சிருக்கு. அபாயகரமான கழிவை எடுத்துக்கிட்டுப் போற ஏஜென்சிக்குக் கொடுக்கணும்னு எச்.ஓ.டி. மேடம் மூலமா ஆபீஸுக்கு லெட்டர் போட்டிருக்கோம். பட்ஜெட்ல இதுக்குத் தலைப்பு இல்லையாம். கேன் நிறையறதுக்கு இன்னும் ஒரு பேட்ச்தான் பாக்கி.